பாஸ்டன் போன்சியும் என் அக்காவின் சேமநிதிப் பணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்திருந்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. முதலீட்டு மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி எழுதிய அந்த அன்பர், பேராசை பிடித்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள், அவர்களுக்காக யாரும் இரக்கப்பட வேண்டியதில்லை என்று முடித்திருந்தார். அவருக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. முப்பத்தொரு ஆண்டுகள் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். என் அக்கா, அப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்.

மோசடிக்கும் தபால் நிலையத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இன்று உலகம் முழுவதும் 'போன்சி திட்டம்' என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்குப் பெயர் தந்த சார்ல்ஸ் போன்சி என்பவன் வியாபாரம் செய்வதாகச் சொல்லிக்கொண்டது தங்கத்தை வைத்தல்ல, எண்ணெயை வைத்தல்ல. தபால் கூப்பனை வைத்து.

1974ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் பெரிய தபால் நிலையத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். வானொலிப் பித்துப் பிடித்த ஒரு சீன இளைஞர் அடிக்கடி வருவார். தூர தேசத்துச் சிற்றலை வானொலி நிலையங்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஒலிபரப்பு பினாங்கில் கேட்டது என்று தெரிவித்து, அவர்கள் அனுப்பும் அட்டைகளைச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஒரு நாள் பிரெஞ்சு மொழியில் அச்சடித்த ஒரு சீட்டைக் கவுண்டரில் வைத்து, இதற்குக் காசு வேண்டும் என்றார். அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே கொண்டுபோய்த் தலைமை எழுத்தரிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இதற்குத் தபால் தலை கொடு. காசு கொடுக்காதே. இதற்குக் காசு கிடைக்கும் என்றிருந்தால் போன்சி கோடீஸ்வரனாகவே செத்திருப்பான்" என்றார்.

அன்று மாலை தேநீர் நேரத்தில் அவர் சொல்லத்தான் அந்தக் கதை எனக்குத் தெரிந்தது. பிறகு ஓய்வு பெற்ற காலத்தில் நூலகங்களில் தேடித் தேடிப் படித்தேன்.

அந்தச் சீட்டின் பெயர் அனைத்துலகப் பதில் கூப்பன். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருப்பவருக்கு நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதில் போட வேண்டிய செலவை நீங்களே ஏற்க விரும்புகிறீர்கள். நம் ஊர்த் தபால் தலையை உள்ளே வைத்து அனுப்பினால் அங்கே செல்லாது. ஆகவே ஒரு கூப்பனை வாங்கி வைத்து அனுப்பினால், அவர் தம் நாட்டுத் தபால் நிலையத்தில் அதைக் கொடுத்துத் தபால் தலை பெற்றுக்கொள்ளலாம். 1906இல் ரோம் நகரில் கூடிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மாநாட்டில் வந்த ஏற்பாடு இது. ஏழை மாணவனும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்க வழி செய்த நல்ல ஏற்பாடு.

1919இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் இப்படி ஒரு கூப்பனைப் போன்சி பார்த்தான். முதல் உலகப் போர் முடிந்து இத்தாலியின் லீரா போன்ற நாணயங்கள் மதிப்பிழந்து கிடந்தன. கூப்பனின் விலையோ போருக்கு முன் நிர்ணயித்தது. இத்தாலியில் மலிவாக வாங்கிய கூப்பனை அமெரிக்காவில் கொடுத்தால் கூடுதல் மதிப்புள்ள தபால் தலை கிடைக்கும். இதுவரை பொய்யில்லை, கணக்கும் சரிதான். இந்த ஒரு துளி உண்மையை முன்னால் வைத்துக்கொண்டு 1920 ஜனவரியில் பாஸ்டன் நகரின் ஸ்கூல் ஸ்திரீட்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினான். 45 நாளில் 50 விழுக்காடு லாபம் என்றான். முதல் மாதம் பணம் போட்டவர்கள் 18 பேர். தொகை 1,800 டாலர். அடுத்த மாதம் வந்தவர்களின் பணத்தை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தான். அவ்வளவுதான் வியாபாரம்.

கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இங்கேயே இடிக்கும். கூப்பனைக் கொடுத்தால் கிடைப்பது தபால் தலை. லட்சக்கணக்கான டாலருக்குத் தபால் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரிடம் விற்பது? எட்டே மாதத்தில் அவனிடம் சேர்ந்த பணம் சுமார் 1 கோடியே 50 லட்சம் டாலர். நிதிப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பாரன் அதே ஆண்டு ஜூலையில் கணக்குப் போட்டுச் சொன்னார்: அந்த முதலீட்டுக்கு ஈடாக 16 கோடிக் கூப்பன்கள் புழக்கத்தில் இருக்க வேண்டும், இருந்ததோ சுமார் 27,000. நான் என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு கூப்பனை வாங்கி, முத்திரை சரிபார்த்து, தபால் தலை கிழித்துக் கொடுத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு எழுத்தர் ஒரு நாளைக்கு ஆயிரம் கூப்பன் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், 16 கோடியை முடிக்க நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். என் முப்பத்தொரு ஆண்டுப் பணியில் என் கையால் வாங்கிய கூப்பன்கள் நூறைத் தாண்டியிருக்காது.

அப்படியானால் பாஸ்டனில் தபால் எழுத்தர்களே இல்லையா? இருந்தார்கள். தெருவில் இறங்கி ஒருவர் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள்கூடப் பணம் போட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்பதில்தான் அந்த வாசக அன்பரும் நானும் வேறுபடுகிறோம். பேராசை என்று அவர் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார். நான் அக்காவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அக்கா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 28 ஆண்டுகள் வேலை செய்தவர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. நாற்பது வயதிலேயே தடித்த கண்ணாடி. 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தில் மகளின் திருமணமும் வீட்டுக் கூரையும் போக 42,000 வெள்ளி (ரிங்கிட்) வங்கியில் கிடந்தது. அதைத் தொடாமல் வைத்திருந்தார். 2012இல் அத்தான் காலமானார்.

அத்தானின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன்தான் அவன். கோவில் அன்னதானத்தில் பழக்கமாம். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, கடைசியில் இலை எடுக்கவும் கை கொடுத்தான். அக்காவைப் 'பெரியம்மா' என்றான். அடுத்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனான். அக்காவின் சொந்த மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மாதம் ஒரு முறை தொலைபேசுவான். இவன் நாள் தவறாமல் வந்தான்.

இரண்டு மாதம் கழித்துத்தான் பணப் பேச்சு வந்தது. அதுவும் அக்காவாகக் கேட்டார். சூப்பு வைத்து உண்ணும் பறவைக்கூட்டு வியாபாரம் என்றான். உழவாரக் குருவிகள் கூடு கட்டும் கட்டடங்கள் வடக்கே இருப்பதாகவும், கூடுகள் சீனாவுக்கு ஏற்றுமதியாவதாகவும், பங்கு போட்டவர்களுக்கு மாதம் எட்டு விழுக்காடு கொடுப்பதாகவும் சொன்னான். நம் நாட்டில் பறவைக்கூடு நல்ல விலை போகும் பொருள் என்பது குழந்தைக்கும் தெரியும். போன்சியின் கூப்பனைப் போல இங்கேயும் அந்த ஒரு துளி உண்மை இருந்தது. அக்கா முதலில் 5,000 வெள்ளி மட்டும் கொடுத்தார். மூன்று மாதம் தவறாமல் 400 வெள்ளி, உறையில் போட்டு, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, கையில் கொண்டுவந்து கொடுத்தான். நான்காம் மாதம் மிச்சம் 37,000 வெள்ளியையும் கொடுத்தார்.

இதைத்தான் பேராசை என்கிறார் அன்பர். அக்கா அந்த மாதம் எனக்குக் காட்டிய தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: சர்க்கரை மருந்து இவ்வளவு, தண்ணீர் மின்சாரம் இவ்வளவு, தண்ணீர்மலைக் கோவில் தைப்பூசப் பால்குடத்துக்கு இவ்வளவு, மீதம் மகளிடம் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். வயதான காலத்தில் பிள்ளைகளிடம் கையேந்தக் கூடாது என்ற எண்ணத்துக்குப் பேராசை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று அவர் எனக்கு ஒரு பத்திரத்தையும் காட்டினார். பளபளப்பான தாள், பொன்னிற ஓரம், வட்ட முத்திரை. அதன் மேல் மூலையில் குங்குமம் வைத்து, சாமி மேடையில் மகாலட்சுமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். "எத்தனை கட்டடம் அக்கா? எந்த ஊரில்?" என்று கேட்டேன். "கெடாவில் இருக்கிறதாம். ஒரு நாள் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான்" என்றார். அத்தான் போன பிறகு அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். தலைமை எழுத்தர் சொன்ன கதை எனக்குத் தெரியும். எங்கே விற்கிறான், எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதும் தெரியும். அடுத்த கேள்வியை விழுங்கிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு அந்த விழுங்கிய கேள்விதான் காரணம்.

மொத்தத் தொகைக்கு மாதம் 3,360 வெள்ளியாக இரண்டு முறை வந்தது. பிறகு நின்றது. அக்கா கொடுத்தது 42,000. திரும்பி வந்தது 7,920. மிச்சத்தின் கதை அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பணம் போனது ஒரு நாளில். அதன் பிறகு பதினொரு மாதம் அக்கா யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னையும் திறக்க விடவில்லை. "பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? கோவிலில் எப்படித் தலை காட்டுவது?" என்றார். அவனோ புலனத்தில் (வாட்ஸ்அப்) எல்லாருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான்: கணக்கில் சிறு சிக்கல், யாராவது ஒருவர் போலீசுக்குப் போனாலும் கணக்கு முடக்கப்படும், மற்ற அனைவரின் பணமும் போய்விடும், அந்தப் பாவம் புகார் கொடுத்தவரையே சேரும். அதை நம்பி ஒருவரை ஒருவர் அடக்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் மட்டும் இருபது குடும்பங்களுக்கு மேல். ஒருவர் பணம் போட்டது அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது.

கடைசியில் மருமகள் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தோம். பத்திரத்தை நகலெடுத்த பெண் சார்ஜன்ட், மேலே கறுப்பாக விழுந்திருப்பது என்ன என்று கேட்டார். குங்குமம் என்று அக்கா மலாயில் விளக்கிச் சொல்ல முயன்று முடியாமல் அழுதுவிட்டார். அந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது: இதே ஆள்மீது நெகிரி செம்பிலானில் முன்பே புகார் இருக்கிறது. அங்கே பறவைக்கூடு அல்ல, காஹாரு எனும் அகில் மரம். இங்கிருந்தும் போய்விட்டான்.

போன்சியின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாஸ்டன் அவனுக்கு முதல் ஊர் அல்ல. 1882இல் இத்தாலியின் லூகோ நகரில் பிறந்தவன். 1903 நவம்பரில் அமெரிக்காவில் வந்து இறங்கியபோது கையில் இரண்டரை டாலர்தான் இருந்தது என்று பின்னாளில் அவனே சொன்னான். மீதியைக் கப்பலில் சூதாடித் தொலைத்திருந்தான். 1907இல் கனடாவின் மாண்ட்ரியால் நகருக்குப் போய், பிழைக்க வந்த இத்தாலியர்களின் சேமிப்பை வாங்கிய ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தான். ஜரோசி என்பவர் நடத்திய வங்கி அது. மற்ற வங்கிகளைப் போல இரண்டு மடங்கு, ஆறு விழுக்காடு வட்டி கொடுத்தது. புதிதாக வந்தவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டி கொடுக்கும் வித்தையை அவன் கண்ணால் கண்டது அங்கேதான். வங்கி முழுகியது, முதலாளி மெக்சிகோவுக்கு ஓடினார். போன்சி 423 டாலர் 58 சென்ட்டுக்கு ஒரு காசோலையைப் போலியாக எழுதிப் பிடிபட்டுச் சிறைக்குப் போனான்.

சிறையிலிருந்து அவன் தாய்க்கு எழுதிய கடிதம்தான் என்னை மிகவும் உறுத்துவது. சிறை மேலதிகாரிக்குத் தனி உதவியாளராக வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதினான். அந்தத் தாய் அதை நம்பியிருப்பாள். அக்கம்பக்கத்தில் படித்துக் காட்டியிருப்பாள். சிறை முத்திரை விழுந்த கடிதங்களை நானும் பட்டுவாடாவுக்குப் பிரித்திருக்கிறேன். அவற்றை வாங்க வரும் தாய்மார்கள் கவரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

அது முடிந்து வெளியே வந்ததும் இத்தாலியர்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்திய வழக்கில் அமெரிக்காவின் அட்லாண்டா சிறையில் இரண்டு ஆண்டு. ஆக, பாஸ்டனில் ஸ்கூல் ஸ்திரீட்டில் அவன் கடை விரித்தபோது இரண்டு நாட்டுச் சிறைகளைப் பார்த்தவன். பாஸ்டனில் வரிசையில் நின்ற எவருக்கும் அது தெரியாது. தெரிந்த மாண்ட்ரியால் இத்தாலியர்களோ தங்கள் நஷ்டத்தோடு தங்கள் ஊரில் இருந்துவிட்டார்கள்.

அவனிடம் நல்ல குணம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு சுரங்க முகாமில் வேலை செய்தபோது, அடுப்பு வெடித்துத் தீக்காயம் பட்ட ஒரு தாதிக்குத் தன் தோலைத் தானமாகக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தான். யாரும் கேட்டு வாங்கவில்லை, தானாக முன்வந்தான். இதைப் படித்தபோது அத்தான் காரியத்தில் இலை எடுத்தவனை நினைத்தேன். அவன் அன்று காட்டிய அன்பு முழுக்க நடிப்பு என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. அக்காவாலும் முடியவில்லை. இப்படிப்பட்டவர்கள் முகத்தில் கள்ளம் எழுதி ஒட்டியிருக்கும் என்று காத்திருந்தால் நாம் எல்லாருமே ஏமாறுவோம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முன்கதையைத் தெரிந்துகொண்டால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அந்த முன்கதையைத் தோண்டி எடுத்தது ஒரு செய்தித்தாள். அதனால்தான் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

'பாஸ்டன் போஸ்ட்' என்ற அந்த நாளிதழ் தொடக்கத்தில் போன்சிக்கு நல்லதே செய்தது. 1920 ஜூலை 24ஆம் தேதி அவனைப் புகழ்ந்து முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது. அதைப் பார்த்து அவன் அலுவலக வாசலில் கூட்டம் இன்னும் நெரிந்தது. ஆனால் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் குரோஜியருக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டே நாளில் பாரனின் கணக்கை அச்சிட்டார். மக்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசையில் நின்றபோது போன்சி அவர்களுக்குக் காப்பியும் டோனட்டும் கொடுத்து, சிரித்துப் பேசி, கேட்டவர்களுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தான். பலர் நம்பித் திரும்பிப் போனார்கள். பத்திரிகை விடவில்லை. ஆகஸ்ட் 2ஆம் தேதி அவனுடைய விளம்பர அதிகாரியாக இருந்த வில்லியம் மெக்மாஸ்டர்ஸ் என்பவரே, இவனிடம் கடனுக்கு ஈடான பணம் இல்லை என்று எழுதியதை வெளியிட்டது. ஒரு நிருபரைப் புகைப்படத்தோடு மாண்ட்ரியாலுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 11ஆம் தேதி அந்தச் சிறைக்கதை அச்சில் வந்தது. மறுநாள் போன்சி கைதானான். சுமார் 70 லட்சம் டாலர் கடனில் இருந்தான். பணம் போட்டவர்களுக்குக் கடைசியில் டாலருக்கு முப்பது சென்ட்கூடத் தேறவில்லை. அவனோடு சேர்ந்து வங்கிகளும் விழுந்தன. அடுத்த ஆண்டு அந்த நாளிதழுக்குப் புலிட்சர் விருது கிடைத்தது.

அதற்குப் பிறகும் அவன் ஓயவில்லை. 1925இல் ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சதுப்பு நிலத்தை மனை என்று விற்றான். பிடிபட்டதும் தலையை மொட்டையடித்துக்கொண்டு கப்பல் பணியாளனைப் போல ஓடப் பார்த்தான். 1934இல் நாடு கடத்தப்பட்டான். மனைவி விவாகரத்துப் பெற்றுவிட்டாள். 1949 ஜனவரியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஏழைகளுக்கான மருத்துவமனைப் படுக்கையில், கண் பார்வை பெரும்பாலும் போன நிலையில் இறந்தான்.

இங்கே நடப்பதைப் பாருங்கள். 'ஸ்கிம் செப்பாட் காயா', அதாவது சீக்கிரம் பணக்காரராகும் திட்டம், என்ற சொல்லை நாம் அப்படி ஒரு திட்டம் நடத்திய பாக் மான் தெலோ காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். தைப்பிங் வட்டாரத்தில் அவரிடம் பணம் போடாத வீடு இல்லை என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்வோம். கூட்டுப் பணம் (சீட்டு) பிடிப்பதைத் தடுக்க 1971இலேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் பங்கு ஆணையமும் அனுமதியில்லாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கின்றன. இணைய மோசடிக்கு உடனே அழைக்க 997 என்ற எண் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் அக்காவைப் போன்ற ஒருவருக்கு இவற்றில் எதுவும் எட்டுவதில்லை. அவர் மலாயில் பட்டியல் தேடிப் படிப்பவரல்ல. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தமிழ் நாளிதழ் படிப்பவர். அவர் அறிந்த உலகம் அந்தத் தாளில் இருக்கிறது.

அந்தத் தாளில் அவர் என்ன பார்த்தார் தெரியுமா? எந்த நாளிதழ் என்று சொல்லப் போவதில்லை. சண்டை பிடிப்பது என் நோக்கமல்ல. அவனுக்குப் பொன்னாடை போர்த்தும் படத்தைப் பார்த்தார். ஏழை மாணவர்களுக்குப் புத்தகப் பை வழங்கிய தொழிலதிபர் என்று கீழே எழுதியிருந்தது. அதைக் கத்தரித்து வைத்திருந்தார். மீதி 37,000 வெள்ளியைக் கொடுத்தது அந்தப் படம் வந்த வாரத்தில்தான். நெகிரி செம்பிலான் புகாரைப் பற்றி எங்கும் ஒரு வரி வந்திருந்தால், அதே கத்தரிக்கோலால் அதையும் கத்தரித்திருப்பார்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். பை கொடுக்கிறார், அரிசி கொடுக்கிறார் என்று ஒரு புதிய தொழிலதிபரின் படம் வரும்போது, அவர் என்ன தொழில் செய்கிறார், எங்கே செய்கிறார், யாருக்கு விற்கிறார் என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேளுங்கள். ஒருவர் கட்டடத்தைப் போய்ப் பார்த்தால் போதும். பொதுமக்களிடம் முதலீடு வாங்குகிறார் என்று தெரிந்தால், பேங்க் நெகாராவின் பட்டியலைப் பார்க்காமல் அந்தப் படத்தைப் போடாதீர்கள். மோசடிக்காரன் ஒருவன் நீதிமன்றத்துக்கு வந்த செய்தியை ஒரு நாள் போட்டுவிட்டு மறக்காதீர்கள். வழக்கு எங்கே போயிற்று, என்ன தீர்ப்பு, தண்டனை முடிந்து வந்தவன் இப்போது எந்த ஊரில் எந்தப் பெயரில் கடை திறந்திருக்கிறான் என்று பின்தொடருங்கள். ஆள் மாறுவதில்லை, ஊர்தான் மாறுகிறது. மாறிய ஊருக்கு அவன் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர வேண்டும். அதைச் செய்யத் தமிழ் மக்களிடையே தங்களைப் போன்ற நாளிதழ்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். பணத்தை இழந்தவர்கள் நடந்ததைச் சொல்ல வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெயர் வேண்டாம், படம் வேண்டாம். எந்தப் பேச்சைச் சொல்லி வந்தான், எப்படிப் பழகினான், எந்த மாதம் நிறுத்தினான் என்று அவர்கள் சொன்னாலே போதும். சிரம்பானில் ஒருவர் சொல்வதைப் படித்துப் பட்டர்வொர்த்தில் ஒருவர் விழித்துக்கொள்வார். ஆனால் பேராசைக்காரர்கள் என்று அச்சில் திட்டிக்கொண்டிருந்தால் ஒருவரும் முன்வர மாட்டார்கள். அந்த வாசக அன்பர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அவர் எழுதியதைப் படித்துவிட்டு அக்கா நாளிதழை மடித்து வைத்து, அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை என்பதை அவர் அறிய வேண்டும்.

நேற்று இரவு இந்தக் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர்மலைப் பால்குடத்தைப் பற்றி எழுதியதை எடுத்துவிடச் சொன்னார். பிறகு யோசித்து, இருக்கட்டும் என்றார். அத்தானின் காரியத்தில் அவன் இலை எடுத்ததை நீக்கச் சொல்லவில்லை. அந்தப் பத்தியைத் தொடங்குவதாக இருந்தால் முதல் ஆளாகத் தாமே வந்து சொல்வதாகத் தெரிவித்திருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் இன்னும் நான்கு பேரிடம் பேசியிருக்கிறார்; இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பத்திரத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். நிறுவனத்தின் பெயரையும் அக்காவின் பெயரையும் மறைத்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மேல் மூலையில் கறுப்பாக விழுந்திருப்பது குங்குமம். அதனால் எழுத்து எதுவும் மறையவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் நிலைய எழுத்தர்,
ஜெலுத்தோங், பினாங்கு.
(பெயரும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.)